சாக்ஸ் போட்ட பாட்டில்

...இல்லை, அந்தத் தோல் வாசனை உள்ளேதான் எங்கேயோ ஒளிந்துகொண்டிருக்கிறது, அவசரப்படக் கூடாது, இன்னொரு சுற்று சுற்றி மூக்கை விட்டால் வந்துவிடும் என்று கண்ணை மூடிக்கொண்டு கோப்பையைச் சுழற்றினார் அவர், வந்தது என்னவோ சோப்பு வாசனை. சிவப்பு ஒயினில் சோப்பா? இரண்டு வருடமாக வாரப் பத்திரிகையில் மலிவு விலை ஒயின்களுக்கு மதிப்பெண் போடுகிறவர், ‘மழையில் நனைந்த பழைய தோல், லேசான கம்பளி’ என்று எழுதியே பேர் வாங்கியவர், அந்த மூக்கா இன்றைக்கு அவர் காலை வாருகிறது? அதுவும் இன்றைக்குப் பார்த்து... நேற்றுத்தான் பத்திரிகை ஆசிரியை கூப்பிட்டுக் கறாராகச் சொல்லியிருந்தாள், நீங்கள் சொல்லும் பாட்டிலை வாசகர்கள் வாங்கி மோந்து மோந்து பார்க்கிறார்களாம், தோலும் இல்லை கம்பளியும் இல்லையாம், இந்த வாரமும் புகார் வந்தால் உங்கள் பத்தியைத் தோட்டக் குறிப்பு எழுதும் அம்மாளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று. செடிக்குத் தண்ணீர் ஊற்று என்று சொல்வதற்கு இன்னொரு பத்தியா? வாசகர்களுக்கு மூக்கு எதற்கு இருக்கிறது, கண்ணாடி கீழே விழாமல் இருக்க, அவ்வளவுதான்...

எதிரே மனைவி பாட்டிலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். லேபிளைப் பார்த்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று அவரே வகுத்த முறை அது, அவருடைய பழைய சாக்ஸின் நுனியை வெட்டி, பாட்டிலுக்கு மாட்டி, கழுத்து மட்டும் வெளியே தெரிய அவள்தான் ஊற்றுவாள். ஒவ்வொரு வாரமும் அதே சாக்ஸ். சிந்தும் சொட்டை எல்லாம் அதுதான் குடிக்கும்... சுழற்றிக்கொண்டிருந்த கை நின்றது. கண்ணைத் திறந்தார். சாம்பல் நிறம் என்று இத்தனை நாள் அவர் நினைத்திருந்த சாக்ஸ், வெள்ளையாக இருந்தது.

“இதத் தொவச்சியா?”

“மிஷின்ல எடம் இருந்துச்சு, போட்டேன்.”

“முன்னாடி... நாறுச்சா?”

“உங்க சாக்ஸ்தானே. தெரிஞ்சுதான் எழுதுறீங்கன்னு நெனச்சேன்,” என்றாள் அவள், குற்றம் சொல்கிற குரலே இல்லாமல்.

மழையில் நனைந்த பழைய தோல்... பேருந்துக்கு நின்று நனைந்த அவருடைய ஷூ. லேசான கம்பளி... வேண்டாம், மேலே யோசிக்க வேண்டாம். வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனால் அதற்கு அடியில் ஒரு ஓரமாகப் பெருமையும் எட்டிப்பார்த்ததே, அதை என்ன செய்வது? மூக்கு பொய் சொல்லவில்லையே, ஷூ, கம்பளி, மழை, ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறதே, எவனுக்கு வாய்க்கும் இப்படி ஒரு மூக்கு? ஒயினைத் தவிர எல்லாவற்றையும் கண்டுபிடித்திருக்கிறது. சாக்ஸை உருவி எறிந்துவிட்டு, வேறு கோப்பையில் தானே ஊற்றி முகர்ந்தார். திராட்சை. ஒரு வாய் குடித்தார், கொஞ்சம் புளிப்பு, தொண்டையில் இறங்கும்போது இதமாகத்தான் இருந்தது. கோப்பையை அவளிடம் நீட்டினார், இதுவரை நீட்டியதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது, அவளும் ஒரு வாய் குடித்துவிட்டு நல்லாத்தானே இருக்கு என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். நல்லாத்தான் இருக்கிறது, சரி, மீதிப் பத்தியை எதை வைத்து நிரப்புவது? தோல் என்று எழுதினால் இடம் போய்விடும், திராட்சை என்று எழுதினால்... திராட்சையில் திராட்சை வாசனை வருகிறது என்று சொல்ல இவர் எதற்கு? வாசலில் கழற்றிப் போட்டிருந்த ஷூவின் பக்கம் அவர் பார்வை போயிற்று, போகக் கூடாது என்றுதான் நினைத்தார்...