இன்ஜினுக்குப் பூசிய சந்தனம்

குத்தாலத்தில் வானம் கறுத்துவிட்டது. வேன் நிறைய நெல் மூட்டைகள்; மூடத் தார்ப்பாய்கூட இல்லை. நேற்று மாற்றிய இன்ஜெக்‌ஷன் இன்ஜினோ ஆக்சிலரேட்டரை மிதித்தாலே திணறி நின்றது. மெக்கானிக் ஜெகன் பம்பு, சென்சார் எல்லாம் பார்த்துவிட்டான்.

"பழைய இன்ஜினே தேவலாம்டா," என்றார் வண்டிக்காரர் உலகநாதன்.

"பெட்ரோல்ல என்னத்தக் கலந்தீங்க?" என்று ஜெகன் எரிந்து விழுந்தான்.

"நானா? சந்தனம் பூசி, சாமி கும்பிட்டு நீதானடா மாட்டுன?"

ஜெகனின் கை அப்படியே நின்றது. இன்ஜினை பாடியோடு இணைக்கும் எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றினான். அடியில் அவன் பூசிய சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது. கரண்ட் எப்படிப் போகும்? சுரண்டிவிட்டு முறுக்கினான். இன்ஜின் சீராக உறுமியது. முதல் தூறல் விழுந்தது.

உலகநாதனின் மனைவி ஜெயா சந்தனக் கிண்ணத்தோடு ஓடிவந்தாள்.

"டயர்ல வைங்கக்கா, டயர்ல!" என்று கத்தினான் ஜெகன்.