செல்லசாமி கேட்ட மண்

அப்பாவின் தாடையைத் துணியால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கும்போதே கிருஷாந்திக்குக் கோபம் வந்துவிட்டது. செத்தவர் மேல் அல்ல, வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நின்ற மூக்கன் மேல்.

“குழி எங்க வெட்டுறதுன்னு லயத்து வீடுங்கள்ல ஒரு பேச்சு கெடக்கு, பாப்பா.”

“இதுல என்ன மாமா பேச்சு? எங்க மரக்கறித் தோட்டத்துலதான். அப்பா ஆயிரம் தடவ சொல்லிட்டாரே!”

சொன்னதோடு விட்டாரா? மகளிடம் சத்தியமும் வாங்கியிருந்தார். எஸ்டேட்டில் யார் செத்தாலும் ஆபீசுக்கு ஓட வேண்டும், மேனேஜர் துரை காட்டுகிற இடத்தில்தான் குழி. அந்த வழக்கம் அப்பா செல்லசாமிக்கு ஆகவே ஆகாது. பகலெல்லாம் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு வந்து கவிதை எழுதிய மனுசன். மஸ்கெலியா டவுன் கூட்டங்களில் சுயாட்சி என்று பேசக் கேட்டுவிட்டு வந்தால், அந்தப் பெரிய வார்த்தையை லயத்து வாசலுக்கு இழுத்துவந்து பாட்டாக்கிவிடுவார்.

*தொர சொல்லி விடியலடா பொழுது – நம்ம*
*ஊருக்கு நாம சொன்னா போதும்.*

சம்பளப் போராட்டத்தில் ஊரே தொண்டை கிழியப் பாடிய பாட்டு அது. பாடிய அத்தனை பேரும் இப்போது வாசலில் வாயடைத்து நின்றார்கள்.

கடைசியில் கொழுந்து பறிக்கிற வேலாயிதான் முன்னால் வந்தாள்.

“அண்ணன் பாட்டக் கேட்டுத்தான் நானே ரோட்டுல எறங்குனேன், தாயி. ஆனா ஒங்க தோட்டத்துக்கு நேர் கீழதானே பீலி இருக்கு? புள்ளகுட்டிங்க குடிக்கிற தண்ணி. பொது மயானத்துலயே வெச்சிருவோம். எடத்த நாமளே பாப்போம், ஆபீசுக்கு ஒருத்தரும் போக வேணாம்.”

கிருஷாந்தி நிமிர்ந்தாள். “பாட்டுக்கு மட்டும் கை தட்டத் தெரிஞ்சுச்சு! அவரு கேட்டது ஆறடி மண்ணு, அதக் குடுக்க மனசு வரலியா?”

மூக்கனுக்கு மனசு கேட்கவில்லை.

“விடுங்கப்பா. மக சொல்றதுதான் முடிவு. தண்ணிக்கு வேற வழி பாத்துக்கலாம். நீ சொல்லு பாப்பா, இப்பவே மம்பட்டிய எடுக்குறேன்.”

ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். கட்டிய தாடையோடு கிடந்த அப்பாவைப் பார்த்தாள். ஒரு பக்கம் அவர் வாங்கிய சத்தியம் முள்ளாகக் குத்தியது, மறு பக்கம் அவர் பாட்டு. பாவி மனுசன், இப்படியா மாட்டிவிட்டுப் போவார்!

“நான் ஒருத்தி சொல்லி நீங்க கேட்டா, அது தொர சொன்ன மாதிரிதான் மாமா,” என்றாள். “மயானத்துலதான்னு சொல்றவங்க கையத் தூக்குங்க.”

ஒருவரும் அசையவில்லை. எல்லார் கண்ணும் செல்லசாமி மேல்தான் இருந்தது.

“அவரப் பாக்காதீங்க. தூக்குங்க.”

வேலாயி அழுதுகொண்டே கையைத் தூக்கினாள். பின்னால் ஒவ்வொன்றாக, கொழுந்து பறித்துச் சாயம் ஏறிய கைகள் எழுந்தன. மூக்கனும் தலையைக் குனிந்தபடி தூக்கினான்.

கிருஷாந்தி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அப்பாவின் தலைமாட்டிலிருந்து அவள் கையும் மேலே போனது.