ஏசி அறையில் கவுளி சொன்னது

காசிமாயன் வீட்டில் சோறு வடிப்பதற்கு மட்டும்தான் பல்லியிடம் கேட்பதில்லை என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. மற்ற எல்லாவற்றுக்கும் பல்லி வாய் திறந்தாக வேண்டும். மாடு வாங்குவதென்றால் தொழுவத்தில் போய் உட்காருவார். பம்புசெட்டு மாற்றுவதென்றால் மோட்டார் கொட்டகையில் உட்காருவார். காரியம் நடக்கிற இடத்திலேயே கேட்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். முதலில் ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடிப்பார். பிறகு தொண்டையைச் செருமி, விஷயத்தைச் சத்தமாக ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். அந்தச் சூட்டோடு பல்லி சத்தம் கொடுத்தால், அதாவது கவுளி சொன்னால், உத்தரவு கிடைத்த மாதிரி. மூன்று தட்டு தட்டிவிட்டு எழுந்துவிடுவார். கொடுக்காவிட்டால் காரியம் கிடப்பில் போய்விடும். அவர் வீட்டு மாடிப்படி பாதியில் நிற்பதைப் பார்த்த வெளியூர்க்காரர்கள் சிமெண்டுத் தட்டுப்பாடு என்று நினைத்துக்கொண்டார்கள். உள்ளூர்க்காரர்கள் சிரித்துக்கொண்டார்கள்.

இந்த மனிதரிடம் சிக்கிக்கொண்டவள் அவருடைய தம்பி மகள் செல்லத்தாய். அலங்காநல்லூர்ப் பக்கம், அண்ணன் தும்மினால் தம்பி மூக்கைத் துடைத்துக்கொள்ளும் குடும்பம். அவளுடைய அப்பா முத்திருளனிடம் எதைக் கேட்டாலும், "பெரியப்பாகிட்டக் கேளு தாயி" என்பார். பெரியப்பாவிடம் கேட்டால் அவர் சுவரைப் பார்ப்பார். இப்படியொரு நிர்வாகத்தில் அவள் மதுரையில் தங்கி கணக்குப் பட்டம் வாங்கியதே பெரிய விஷயம். அன்றைக்குப் பல்லி நல்ல மனநிலையில் இருந்திருக்கிறது.

பட்டம் வாங்கியவள் ஊருக்குத் திரும்பவில்லை. மேலமாசி வீதியில் பாத்திரக்கடை மாடியில் புதிதாகத் திறந்திருந்த கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில் சேர்ந்துவிட்டாள். எண்பத்தேழாம் வருசம் அது. கம்ப்யூட்டர் என்றால் என்னவென்று வீட்டில் யாருக்கும் தெரியாது. "டைப்ரைட்டிங் மாதிரி ஒண்ணு" என்று அவள் சொல்லியிருந்தாள். "கல்யாணம் முடிவாகுற வரைக்கும் தட்டிக்கிட்டுக் கெடக்கட்டும்" என்று பெரியப்பாவும் விட்டுவிட்டார். டைப்ரைட்டிங் கற்ற பெண்ணுக்கு அப்போது கல்யாணச் சந்தையில் கொஞ்சம் மரியாதை இருந்தது.

அந்த நிலையத்தை நடத்தியவர் மலையம்மாள் டீச்சர். கோயம்புத்தூரில் ஒரு ஆலையின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, வங்கியில் கடன் வாங்கித் தொழில் தொடங்கியவர். கடன் கேட்கப் போனபோது, "வீட்டுக்காரர் வரலையாம்மா?" என்று மேலாளர் கேட்டிருக்கிறார். "அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாதுங்க. வந்து சும்மா உக்காந்திருக்கணும், பாவம்" என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவருக்கும் ஒரு குறை இருந்தது. பையன்கள் வந்து குவிந்தார்கள். செல்லத்தாயைத் தவிர பெண் பிள்ளைகள் வரவில்லை. பையன்களோடு ஒரே அறையில் உட்கார வைக்க எந்த வீட்டிலும் சம்மதிக்கவில்லை. பெண்களுக்குத் தனி வகுப்பு வைக்கலாமென்றால், சாயங்காலம் பையன்களுக்கு வகுப்பு எடுத்த டீச்சர், பகல் முழுக்க ஆலைகளிலும் கடைகளிலும் ஏறி இறங்கிக் கம்ப்யூட்டர் வேலை பிடித்துக்கொண்டிருந்தார். சொல்லிக்கொடுக்க இன்னொரு பெண் வேண்டும்.

"நீ இரு செல்லத்தாய். பொம்பளைப் பிள்ளைக வகுப்பு உன் பொறுப்பு. வேலைக்காரியா வேண்டாம், கூட்டாளியா இரு" என்றார் டீச்சர்.

செல்லத்தாய்க்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். அவளுக்கு அந்தக் கருப்புத் திரையும் பச்சை எழுத்தும் அவ்வளவு பிடித்திருந்தன. சொன்னதைச் செய்கிற ஒன்றை அவள் வாழ்க்கையில் அப்போதுதான் பார்த்தாள். ஆனால் அதே வாரம் ஊரிலிருந்து தகவல் வந்தது. வாடிப்பட்டியில் சொந்தத்தில் ஒரு மாப்பிள்ளை, பெயர் நல்லகாமன், ரைஸ்மில் வைத்திருக்கிறார். நல்ல மனிதர்தான். அவருக்குத் தேவை சமையலுக்கும் மாட்டுக்கும் ஒரு ஆள். வேலையா, கல்யாணமா என்று பெரியப்பா முடிவு செய்யப் போகிறார். அதற்கு அவரே மதுரைக்கு வருகிறார், அந்த அறையிலேயே கவுளி கேட்பதற்கு.

அங்கேதான் சிக்கல். அந்த அறை ஏசி அறை. கதவு, ஜன்னல், சந்து பொந்து எல்லாவற்றையும் டீச்சர் அடைத்து வைத்திருந்தார். தூசியே நுழைய முடியாத இடத்தில் பல்லி எப்படி நுழையும்? பல்லி இல்லையென்றால் வாக்கு இல்லை. வாக்கு இல்லையென்றால் மாடிப்படி கதிதான் தனக்கும் என்று செல்லத்தாய்க்குப் புரிந்தது. வெளியிலிருந்து ஒன்றைப் பிடித்து வந்து விடலாம்தான். ஆனால் பல்லி யார் பேச்சைக் கேட்கும்? யோசித்துப் பார்த்தாள். அந்த அறையில் அவள் பேச்சைக் கேட்பது ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் சின்னதாக ஒரு ஸ்பீக்கர் உண்டு. தப்பு செய்தால் 'பீப்' என்று கத்தும். அந்த 'பீப்'பை வெட்டி, நறுக்கி, இடைவெளி விட்டு, இரண்டு நாள் மெனக்கெட்டு அவள் பல்லியாக்கிவிட்டாள். முதலில் தவளை வந்தது. அப்புறம் கோழிக்குஞ்சு வந்தது. கடைசியில் அசல் பல்லியே வந்தது. கீழே பாத்திரக்கடைக்காரர் அதைக் கேட்டுவிட்டுக் கல்லாப் பெட்டியைத் தட்டிக் கும்பிட்டார்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. பெரியவர்கள் முன்னால் அவள் கை கட்டித் தள்ளி நிற்க வேண்டும். அவர் சொல்லி முடிக்கிற நேரம் பார்த்துப் பொத்தானை அமுக்க முடியாது. டீச்சரை அமுக்கச் சொல்லலாமென்றால், டீச்சருக்குப் பொய் வராது, காது சிவந்துவிடும். அதனால் அவரிடம் அவள் மூச்சு விடவில்லை. கம்ப்யூட்டரை ஒன்று, இரண்டு என்று சும்மா எண்ணிக்கொண்டே போய், ஒரு பெரிய எண் வந்ததும் கத்தும்படி செய்துவைத்தாள். பெரியப்பா உட்கார்ந்து, ஒரு செம்புத் தண்ணீர் குடித்து, செருமி, விஷயத்தைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது சின்ன வயதிலிருந்து பார்த்த அவளுக்குத் தெரியாதா என்ன?

பெரியப்பா வந்தார். கூடவே பெரியம்மா இருளாயியும் வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னதும் பெரியப்பாவுக்கு அந்த இடத்தின் மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது. உள்ளே நுழைந்ததும் துண்டை எடுத்துத் தலையோடு காதைச் சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

"ஏத்தா, மார்கழிய உள்ளுக்குள்ள பூட்டி வச்சிருக்கீகளா? எதுக்கு இம்புட்டுக் குளிரு?"

"மெஷின் சூடானா கெட்டுப் போகும் பெரியப்பா."

"மெஷினுக்கு ஏசி. உழுகுற சம்சாரிக்கு வேப்பமரம். நடக்கட்டும்" என்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவர் உட்கார்ந்த அந்த நொடியில் செல்லத்தாய், திரையைத் துடைக்கிற சாக்கில் பொத்தானை அமுக்கிவிட்டு வந்து பெரியம்மா பக்கத்தில் கை கட்டி நின்றாள். கம்ப்யூட்டர் எண்ணத் தொடங்கியது.

"ஒரு செம்பு தண்ணி குடுங்கம்மா" என்றார் பெரியப்பா.

"மன்னிக்கணும் ஐயா. இந்த அறைக்குள்ள தண்ணி கூடாது. வெளியில வந்து குடிங்க" என்றார் டீச்சர்.

செல்லத்தாயின் கணக்கில் தண்ணீர் குடிக்கிற நேரமும் இருந்தது. அந்த விதியை அவளே தினமும் பையன்களிடம் கத்திச் சொல்லுவாள். அவளுக்கு அது ஞாபகத்துக்கு வரவே இல்லை.

"அப்பத் தண்ணி வேண்டாம். விசயத்துக்கு வருவோம்" என்று பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க செல்லத்தாயி இந்த எடத்துல கூட்டாளியா இருந்து பொம்பளப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கலாம்." சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அறை அமைதியாக இருந்தது. ஏசி மட்டும் உறுமியது. கம்ப்யூட்டர் கடமை தவறாமல் எண்ணிக்கொண்டிருந்தது. செல்லத்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு, 'கத்திரு, கத்திரு' என்று மனதுக்குள் கெஞ்சினாள். சொன்னதை மட்டும் செய்கிற சாமான், கெஞ்சினால் கேட்குமா?

பெரியப்பா கண்ணைத் திறந்தார். அவர் முகத்திலும் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

"கவுளி சொல்லலையே தாயி. நான் என்ன செய்ய? பேசாம அந்த வாடிப்பட்டி நல்லகாமனுக்கே கட்டிக் குடுத்துர வேண்டியதுதான்."

'ச்சு… ச்சு… ச்சு…' என்றது கம்ப்யூட்டர்.

பெரியப்பாவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கீழ்த்திசையிலிருந்து, கணீரென்று, இப்படியொரு வாக்கை அவர் கேட்டதே இல்லை. மேசையை மூன்று தட்டு தட்டினார். "கேட்டியா இருளாயி? கேட்டீகளாம்மா? முடிஞ்சு போச்சு. சித்திரையில கல்யாணம்!" என்று எழுந்தார். டீச்சர் ஒன்றும் புரியாமல் சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இவ்வளவு அடைத்தும் பல்லி எப்படி வந்தது என்பது அவருடைய கவலை.

செல்லத்தாய்க்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. தன் கையால் செய்த பல்லி தனக்கே தாலி எடுத்துக் கொடுத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் வாடிப்பட்டி. திறந்தால் பெரியப்பாவை ஏமாற்றியவள் என்கிற பேர், டீச்சர் முன்னால் அவமானம். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"பெரியப்பா, அது பல்லி இல்ல."

"பல்லி இல்லாமப் பாம்பா?"

"மெஷின். நாந்தான் கத்த வச்சேன்."

பெரியப்பா சிரித்தார். அவள் போய் பொத்தானை அமுக்கினாள். 'ச்சு… ச்சு… ச்சு…' என்று வந்தது. அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். பெட்டியில் காதை வைத்துப் பார்த்தார்.

"அடிப்பாவி, உள்ளுக்குள்ள பிடிச்சு அடச்சு வச்சிருக்கியா? வாயில்லா ஜீவன் குளிர்ல செத்துப் போகும். தொறந்து விடு!"

"உயிரெல்லாம் இல்ல பெரியப்பா. எத்தன தடவ கத்தணும்னு சொல்லுங்க, கத்தும்."

"நாலு" என்றார் சந்தேகத்தோடு. அவள் தட்டினாள். நாலு தடவை கத்தியது. "ஒம்போது." ஒன்பதும் கத்தியது. ஒரு நிமிடம் அவர் முகத்தில் திருவிழாவில் பொம்மை பார்க்கிற குழந்தையின் களை வந்தது. அப்புறம்தான் கோபம் வந்தது.

"கவுளி வாக்குல வெளையாடலாமா? யார்கிட்ட? காசிமாயன்கிட்டயே! பொய்ச் சத்தம் குடுத்துக் காரியத்தச் சாதிக்கிறது எந்த ஊரு நியாயம்? நம்ம வம்சத்துல எவனாச்சும் செஞ்சிருக்கானா?"

அப்போதுதான் பெரியம்மா சிரித்தாள். அதுவரை மூலையில் சேலையைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தவள், குளிரெல்லாம் மறந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்ன சிரிப்பு?" என்று உறுமினார் பெரியப்பா.

"ஏங்க, நீங்க என்னையப் பொண்ணு கேட்டுத் திருவாதவூருக்கு வந்தீகளே, நெனப்பு இருக்கா? வானம் பாத்த காடு வச்சிருக்கவனுக்கு எப்பிடிக் குடுக்கிறதுன்னு எங்கய்யா இழுத்துக்கிட்டு நின்னாரு. அப்ப நெல்லுக் குதிருக்குப் பக்கத்துல கவுளி சொல்லுச்சு. எங்கய்யாவும் தட்டிக்கிட்டு ஒத்துக்கிட்டாரு."

"ஆமா, சொல்லுச்சு. அதுக்கென்ன?"

"குதிருக்குப் பக்கத்துல நீங்கதான உக்காந்திருந்தீக. நான் கதவு இடுக்குல பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். எந்த ஊருலங்க, கவுளி சொன்னா மாப்பிள்ளைக்கு மீசை ஆடுது?"

டீச்சருக்குக் காது சிவந்துவிட்டது. சிரிப்பை அடக்கினாலும் அவருக்கு அப்படித்தான். பெரியப்பா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். அந்தக் குளிரிலும் அவருக்கு வேர்த்திருந்தது.

"இம்புட்டு வருசமா ஏன்டி சொல்லல?"

"எனக்கும் உங்களப் பிடிச்சிருந்துச்சு. சும்மா இருந்துட்டேன்" என்றாள் பெரியம்மா. அவள் குரல் தணிந்துவிட்டது. "உங்களுக்கு ஒண்ணு வேணும்னு இருந்துச்சு, சத்தம் குடுத்தீக. அவளுக்கு ஒண்ணு வேணும்னு இருக்கு, அவளும் குடுத்தா. அதுலயும் உங்களவிட அவ நேர்மை. உடனே ஒத்துக்கிட்டாளே."

பெரியப்பா துண்டை மடித்துத் தோளில் போட்டார். "அன்னைக்குச் செஞ்ச தப்புக்குப் பயந்துதான் தாயி, அப்புறம் எதையும் கவுளி கேக்காமச் செஞ்சதில்ல" என்றார் செல்லத்தாயைப் பார்க்காமல். அவளுக்கு அவர்மேல் அன்றைக்கு வந்த பாசம் அதற்கு முன்பு எப்போதும் வந்ததில்லை.

பிறகு அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தண்ணீர் இல்லாமலே தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எங்க செல்லத்தாயி இந்த எடத்துல கூட்டாளியா இருந்து, பொம்பளப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கலாம்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

டீச்சர் செல்லத்தாயைப் பார்த்தார். பெரியம்மாவும் பார்த்தாள். கம்ப்யூட்டர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. செல்லத்தாய் இரண்டு கைகளையும் இறுகக் கட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள். பொத்தானை அமுக்கவில்லை.

அறை அமைதியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் எங்கிருந்தோ 'ச்சு… ச்சு… ச்சு…' என்று கேட்டது. கொஞ்சம் வயதான பல்லி, கொஞ்சம் மூச்சு வாங்கியது.

பெரியப்பாவின் மீசை ஆடி நின்றது. பெரியம்மா கையை நீட்டி மேசையை மூன்று தட்டு தட்டினாள்.