மூன்றாம் ஓலை

பூசைக்கு வந்து உட்கார்ந்ததிலிருந்து லிஜாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எல்லோரும் முழந்தாளிட்டபோது அவள் பாட்டுக்கு நின்றாள். அம்மா குளோரி இரண்டு தடவை முழங்கையால் இடித்தாகிவிட்டது.

இன்று கடைசி ஓலை. மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பை வாசித்துவிட்டால் அப்புறம் தாலிதான் பாக்கி. மாப்பிள்ளை ரெஜின், அத்தை மகன், ஓமானில் வேலை. தங்கமான பையன்தான், யார் இல்லை என்றது? ஆனால் ஒரே தட்டில் மீனும் சோறும் தின்று கூடவே வளர்ந்தவனைப் புருஷனாக நினைத்தாலே அவளுக்கு உடம்பு கூசியது.

"இவர்களுக்குள் ஏதாவது விக்கினம் இருப்பதாக அறிந்தவர்கள் உடனே அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று ஃபாதர் வாசித்தார்.

விக்கினம் என்றால் கல்யாணத் தடை. ஏற்கெனவே ஒரு தாலி, நெருங்கிய ரத்த உறவு, இப்படி. அத்தை மகன் என்ற விக்கினத்துக்கு அப்பா செல்வன் ஆயரிடம் அலைந்து விலக்கு வாங்கிவிட்டார்.

"அம்மா, பொண்ணுக்கு இஷ்டமில்லேன்னா அது விக்கினமா?"

"மிண்டாம இரிட்டி" என்று அம்மா அவள் வாயை அடக்கினாள். "அது மத்தவங்க சொல்லுகதுக்கு உள்ளது."

பூசை முடிந்ததும் லிஜா விறுவிறுவென்று பீடத்துக்குப் பின்னால் போனாள். ஃபாதர் பூசை உடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஃபாதர், எனக்கு இஷ்டமில்ல. இது விக்கினமா?"

அவர் கை அப்படியே நின்றது. "ஓலை வாசிக்கிறதுக்கு முன்னால சம்மதமான்னு கேட்டப்ப தலையாட்டினியே?"

"அப்பா பக்கத்துல நின்னாவ."

ஃபாதரின் முகம் விழுந்துவிட்டது. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டியது அவர்தான்.

"இது விக்கினமில்ல மக்களே, அதவிடப் பெரிசு. விக்கினத்துக்கு ஆயர் விலக்கு தரலாம். சம்மதம் இல்லேன்னா பாப்பரசராலயும் விலக்கு தர முடியாது. கல்யாணமே கெடையாது. வீட்டுல நான் சொல்லட்டா?"

"நானே சொல்லுகேன்."

சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வாசலில் அத்தை செசிலி வாயெல்லாம் பல்லாக அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்க மருமவளே!"

"அத்தே, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். ரெஜின் எனக்குக் கூடப்பொறந்தவன் மாதிரி."

அத்தை அழவில்லை, ஏசவும் இல்லை. பிடித்த கையையும் விடவில்லை.

"அவனும் இதத்தான் சொன்னான் மக்கா" என்றாள். "நாந்தான் அவனுக்க வாய அடச்சிட்டேன்."