ஞாயிற்றுக்கிழமை வராத ஒருவர்

நாடகக் குழுவின் உடைப் பொறுப்பாளர் போன் செய்தபோது நான் ஒரு பேண்ட்டின் ஜிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தேன். வாயில் இரண்டு குண்டூசி. அவற்றை எடுத்துவிட்டு வணக்கம் சொல்வதற்குள் அந்த அம்மாள் பாதி பேசிவிட்டார்.

"நீங்க சரி பண்ணின கோட்டுக் கையோட படம் பார்த்தேன். அங்க எரிஞ்சு ஓட்டை இருந்துச்சுன்னு நம்பவே முடியல. சரி, ஆளைப் பிடிப்போம்னு உங்க பேருக்குக் கீழ இருந்த லிங்க்கைத் தட்டினா, கார் ஓட்டக் கத்துக்கோங்கன்னு வருது. அதுக்குக் கீழ இன்சூரன்ஸ். அதுக்கும் கீழ வீடு வாடகைக்கு. நீங்க தையல்காரங்களா, தரகரா?"

"தையல்தான் மேடம்."

"அடியில தேடித்தான் உங்க நம்பரை எடுத்தேன். இந்த சீசன் பூரா எங்க உடுப்பெல்லாம் பார்த்துக்க ஒருத்தங்க வேணும். சாயங்காலம் எங்க மேனேஜர்கிட்ட ரெண்டு பேரைக் காட்டணும். உங்க வேலை மட்டும் தெரியற மாதிரி ஒரு பக்கம் அனுப்புங்க. இதைக் காட்டினா அவர் சிரிப்பார்."

ஒரு சீசன் முழுக்க நிச்சயமான வேலை. என் கணவர் இருந்த தொழிற்சாலையை மூடியதிலிருந்து மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இந்தக் கடைதான் எங்கள் வீட்டை இழுக்கிறது. யார் எப்போது கிழித்துக்கொண்டு வருவார்கள் என்று வாசலைப் பார்த்துப் பார்த்து என் கழுத்தே ஒரு பக்கமாகத் திரும்பிவிட்டது. இந்த வேலை எனக்கு வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ரொம்ப வேண்டும்.

தப்பு எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும். படம் போடும் அந்தச் செயலியில் நம் பெயருக்குக் கீழே ஒரே ஒரு லிங்க் வைக்கத்தான் இடம். அதனால் எல்லாரையும் போல நானும் ஓர் இலவசத் தளத்தில் ஒரு பக்கம் திறந்து, என் வலைப்பூ, கடை முகவரி, போன் என்று பொத்தான்கள் வைத்தேன். அது கண்ணில் பட்டதும் இன்சூரன்ஸ் பிடிக்கும் என் நாத்தனார் வந்தார். "உன்னைத்தான் அத்தனை பேர் பார்க்கிறாங்களே, ஓரமா என்னையும் போட்டு வையேன்" என்றார். ஓரமாக வந்தவர் ஒரே வாரத்தில் நடுவில் இருந்தார். பிறகு வீடு பிடித்துக்கொடுக்கும் என் தம்பி. "அக்கா, சொந்தத் தம்பிக்கு இடமில்லையா?" என்று கேட்டால் என்ன சொல்வது? போதாததற்கு அந்தத் தளமே நடுநடுவே எடை குறைக்கும் மாத்திரைக்கு விளம்பரம் போட்டது. என் பக்கம் பஸ் ஸ்டாண்டுச் சுவர் மாதிரி ஆனது. என்னைத் தேட நானே விரலால் கீழே தள்ளிக்கொண்டு போகவேண்டியிருந்தது.

ஆனால் எல்லாருக்கும் மேலே என் கணவரை வைத்தது நான்தான். அவர் கேட்கவே இல்லை.

அவர் இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். கற்றுக்கொள்ளத்தான் ஆளில்லை. நெருக்கடியான இடத்தில் வண்டியைப் பின்னால் எடுப்பது எப்படி என்று பொறுமையாகப் பேசி வீடியோ எடுத்து ஒரு பக்கத்தில் போடுகிறார். அந்தப் பக்கத்துக்கு எத்தனை பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று அவருக்குத் தெரியும். மாலையில் கடையைப் பூட்ட உதவிக்கு வரும்போது, "இன்னிக்கும் உன் பக்கத்துலேர்ந்து ஒருத்தர் வந்திருக்காங்க" என்பார். வேறெங்கிருந்தும் யாரும் வருவதில்லை.

அந்த ஒருத்தர் நான்தான். முதல் நாள், பொத்தான் சரியாகத் திறக்கிறதா என்று கடை போனிலிருந்து தட்டிப் பார்த்தேன். அன்று மாலை அவர் முகத்தைப் பார்த்த பிறகு நிறுத்த முடியவில்லை. தினமும் மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் ஒரு தட்டு. அதோடுதான் மறுபடி மெஷினில் உட்காருவேன்.

ஜிப்பைத் தள்ளி வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். என் வலைப்பூவிலேயே ஒரு பக்கம் போட்டால் விளம்பரமும் வராது, உறவும் வராது. புதிய பக்கம் என்பதை அமுக்கினேன். ஓரத்தில் பழைய பதிவுகளின் பட்டியல் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. அதை மறைத்தேன். 'கருத்துச் சொல்லுங்கள்' என்று கீழே ஒரு பெட்டி. இதுவரை கேட்ட கருத்துகள் போதும் என்று அதையும் எடுத்தேன். கோட்டுக் கையின் படம், முன்னும் பின்னும். வேலைகள், கடைக்கு வழி, போன் என்று மூன்றே பொத்தான்கள். கைபேசியில் பார்த்தால் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன. இடைவெளி விட்டு விட்டுப் பார்த்ததில் கண் எரிந்தது. நடுவில் ஒருவர் வந்து, கால் மடித்த பேண்ட் ரெடியா என்று கேட்டார். நாளைக்கு என்றேன். நேற்றும் அதைத்தான் சொன்னேன் என்று ஞாபகப்படுத்திவிட்டுப் போனார்.

என்னைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டும். நாத்தனாருக்கு 'உங்கள் நம்பிக்கைக்கு நாங்கள்' என்றும் தம்பிக்கு 'கனவு இல்லம்' என்றும் நொடியில் எழுதிக் கொடுத்தவள் நான். எனக்கென்று வந்ததும் கை ஓடவில்லை. கடைசியில், 'கிழிந்தது, எரிந்தது, சுருங்கியது எதுவானாலும் கொண்டு வாருங்கள்' என்று அடித்தேன். அதில் என்னையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

பிறகு என் கணவரின் பொத்தான். அடியில் சின்னதாக வைத்தேன். 'உங்க வேலை மட்டும்' என்று அந்த அம்மாள் சொன்னது காதில் ஒலித்தது. எடுத்தேன். மறுபடி வைத்தேன். கார் ஓட்டுவதற்கும் கோட்டுக் கைக்கும் என்ன சம்பந்தம் என்று மேனேஜர் கேட்டால்? எடுத்துவிட்டேன். இன்று மாலையிலிருந்து என் பக்கத்திலிருந்து யாரும் அவரிடம் போகமாட்டார்கள். அன்று மதியம் நானும் போகவில்லை. பழைய லிங்க்கை எடுத்துப் புதியதைப் போட்டு, அந்த அம்மாளுக்கும் அனுப்பினேன்.

சற்று நேரத்தில் நாத்தனார் போனில் வந்தார். "என்னைக் காணோமே?"

"என் வேலைக்குன்னு தனியா ஒரு பக்கம் போட்டேன் அண்ணி."

"அப்ப நாங்கல்லாம் வேண்டாதவங்களா? இரு, தம்பிகிட்டயே கேட்டுக்கறேன்" என்று வைத்துவிட்டார். அவர் தம்பி என்றது என் கணவரை.

வெயில் இறங்கியதும் பதில் வந்தது. 'மேனேஜருக்குப் பிடித்துவிட்டது. திங்கட்கிழமை வாருங்கள், உடுப்புகளைக் காட்டுகிறேன்.' இரண்டு முறை படித்தேன். சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லாமல் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

என் கணவர் வழக்கம்போல வந்து அயர்ன் பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கினார்.

"வேலை கிடைச்சிருச்சுங்க. நாடகக்காரங்க. சீசன் பூரா."

"அப்படியா!" என்று என் தோளைத் தட்டினார். வெளியே வந்தோம். ஷட்டரை அவர் இறக்க, நான் பூட்டை எடுத்தேன்.

"அக்கா போன் பண்ணினா. என்னோடதையும் எடுத்துட்டியாமே?"

"ஆமாங்க. வேலை மட்டும் இருக்கணும்னு சொன்னாங்க. அதான்..."

"அதுக்கில்ல. தெனம் ஒருத்தர் வருவாங்கல்ல, அவங்க ஞாயித்துக்கிழமை மட்டும் வரமாட்டாங்க. உனக்குக் காய்ச்சல் வந்து கடையே திறக்கலியே, அந்த வாரமும் வரல."

சாவி பூட்டுக்குள் போகாமல் சுற்றிச் சுற்றி வந்தது.

"அப்பவே தெரியுமா? அப்புறம் எதுக்குத் தெனமும் வந்து என்கிட்ட சொன்னீங்க?"

"சொன்னா சிரிப்ப. நாள் பூரா குனிஞ்சு தைக்கிற மூஞ்சி, அந்த ஒரு தடவதான் சிரிக்கும்." சாவியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "இனிமே வரமாட்டாங்க. பரவால்ல. அவங்களுக்கு வேலை கிடைச்சிருச்சு."

எனக்குக் கண்ணை மறைத்தது. அவரே பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியை என் பைக்குள் போட்டார்.