கிஸ்லேனின் மணிக்கட்டு

மே முதல் தேதி விடுமுறை என்பதால் முகே பூங்கொத்துகள் முந்தின நாளே வாசனைத் திரவிய ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிட்டன. மே தின வழக்கப்படி, அதிர்ஷ்டத்துக்கு ஆளுக்கு ஒன்று. கிஸ்லேன் தன் கொத்தைக் கையுறையோடே வாங்கிக்கொண்டாள். வெள்ளை மணிகளைக் கோத்த மாதிரி இருக்கும் அந்தப் பூ பார்க்கத்தான் சாது. பிழிந்தாலும் காய்ச்சினாலும் ஒரு சொட்டு வாசனை தராது. அதனால் இந்தக் கிராஸ் ஊரில் இருபது முப்பது திரவங்களைக் கலந்து அந்த மணத்தைப் பொய்யாகவே செய்கிறார்கள். அவற்றை எடை போட்டுக் கலக்குவது இருபத்திரண்டு வருடங்களாக அவள் வேலை.

"கையுறை போட்டுக்கிட்டு வாங்குனா அதிர்ஷ்டம் ஒட்டுமா?" என்று பக்கத்து மேசைக்காரி ஓதில் கிண்டலடித்தாள்.

கிஸ்லேன் சிரித்து வைத்தாள். பிப்ரவரியிலிருந்து அந்தக் கலவையில் ஏதோ ஒன்று அவள் தோலுக்கு ஆகவில்லை. இடது மணிக்கட்டு வெந்து நீர் கசிந்தது. களிம்பு தடவலாமென்றால் முதலாளி இஸ்னாரின் மூக்கு வாசலிலேயே கண்டுபிடித்துவிடும். மருத்துவரிடம் காட்டினால் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்று ஒரே வரியில் எழுதிவிடுவார். ஐம்பத்து நாலு வயதில் அவளை வேறு யார் சேர்ப்பார்கள்? சொன்னாலும் போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு.

இஸ்னார் புதுக் கலவைக் குப்பியோடு வந்தார். காகிதத்தில் மோந்ததை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. கடைசித் தீர்ப்பு கிஸ்லேனின் தோலில்தான்.

"கையைக் குடுங்க."

"இன்னிக்கு ஓதில் கையில பாருங்களேன், சார்."

"இத்தனை வருஷமா இந்தக் கையிலதான் மோந்து பாக்குறேன். இப்பப் போய் புதுத் தோலுக்கு எங்க போறது?"

மோக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். அவளுக்கு இருந்த ஒரே வழி அதுதான். திரும்பி நின்று, சட்டைக் கையை மேலே தள்ளி, தானே ஒரு சொட்டு விட்டுக்கொண்டாள். நெருப்பு வைத்த மாதிரி எரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, அவர் கண்ணை மூடியதும் கையை நீட்டினாள்.

அவர் வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

"ஈரமா இருக்கு..." என்றார். "உயிரோட இருக்குங்க. ஒன்பது மாசமா தேடுனது இதுதான். கழுவிடாதீங்க. சாயங்காலம் வரைக்கும் அரைமணிக்கு ஒருதரம் கொண்டாங்க. நாளன்னிக்கும் இதே கைதான்."

ஓதில் கைதட்டினாள். கிஸ்லேன் சட்டைக் கையை இறக்கப் பார்த்தாள். கையுறை போட்ட அவள் விரல்களை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்தபடி, கண்ணைத் திறக்காமல், இஸ்னார் மறுபடியும் மூச்சை உள்ளே இழுத்தார்.