நாலு பத்து

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் ஒரு சின்ன அறை. ஒரு மேசை, ஒரு கணினி, மூன்று நாற்காலி. அங்கே ஜாதகம் பார்க்கிற அம்மாளை எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவர். பலன் சொல்வதில் அவரைவிடக் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். ஆனால் தசை என்றைக்கு முடிகிறது, அதற்குள் புத்தி என்றைக்கு மாறுகிறது என்று நாள் பிசகாமல் சொல்வதில் டீச்சரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று பேர்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அந்தப் பேர் ஆட்டம் கண்டது.

வந்தவள் லிஃப்ட் மெக்கானிக் ஒருவரின் மனைவி. தான் புது வேலையில் சேர நல்ல நாள் கேட்டு வந்திருந்தாள். ஆறு வாரத்துக்கு முன்னால் புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்தவள்தான். அவருக்குத் தொண்டையில் ஒரு கட்டி; எடுத்துச் சோதனைக்கு அனுப்பவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்திருந்தார்கள். டீச்சர் கணக்குப் பார்த்து, "ராகு தசையில கேது புத்தி ஓடுது. இன்னும் ஆறு மாசம் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருங்க, அப்புறம் கத்தி வைக்கலாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

பேச்சுவாக்கில் அவள் புருஷனைப் பற்றிச் சொன்னாள்: "பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைங்க கத்திக்கிட்டு வர்ற நேரத்துல பொறந்தாராம் டீச்சர். அதான் இவருக்கும் வாய் ஜாஸ்தின்னு என் மாமியார் சொல்லிச் சிரிப்பாங்க."

டீச்சரும் சிரித்தார். பாதியிலேயே அந்தச் சிரிப்பு உறைந்துபோனது.

அவள் இறங்கிப் போனதும், அவள் புருஷனுக்குக் கணக்குப் போட்ட பழைய காகிதத்தைத் தேடி எடுத்தார். பிறந்த நேரம் 4.10 என்று மட்டும் இருந்தது. காலையா மாலையா என்று அன்றைக்கு அவர் கேட்கவில்லை. விடியற்காலை என்று தட்டியிருந்தார்.

பிறக்கும்போது சந்திரன் நட்சத்திரத்தில் எவ்வளவு தூரம் கடந்திருந்தது என்பதை வைத்துத்தான் முதல் தசையில் மிச்சம் எத்தனை வருஷம் என்று கணக்கு. பன்னிரண்டு மணி நேரம் தப்பினால் ஏறக்குறைய பாதி நட்சத்திரம் தப்பிவிடும். லிஃப்ட்காரர் பிறந்தது இருபது வருஷச் சுக்கிர தசையில். அதில் பாதி போனால், பின்னால் வருகிற எல்லாத் தசையும் பத்து வருஷம் முன்னால் வந்து நிற்கும். கணினி அதைத்தான் காட்டியது. ராகு தசை முடிந்தே மூன்று வருஷம் ஆகிவிட்டது. இப்போது நடப்பது குரு தசை, சனி புத்தி.

கணினியை நம்பாமல் தாளில் போட்டார். ஒரு தடவை, இரண்டு தடவை. அதே விடைதான். இல்லாத ராகுவைக் காட்டி ஒரு மனுஷனை உட்காரவைத்திருக்கிறோம். தொண்டைக்குள் இருப்பது பஞ்சாங்கம் பார்த்தா வளரும்?

'சனி புத்திதானே, இப்பவும் பொறுக்கறது நல்லதுதான்னு சொல்லிட்டா யாருக்குத் தெரியப்போகுது?' என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்திலேயே உடம்பு கூசியது.

லிஃப்ட்காரருக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. அவர் வேலை செய்யும் கட்டடம் எது என்று மனைவியிடம் கேட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஏழு மாடி அலுவலகம். பழுது பார்ப்பதால் லிஃப்ட் நின்றிருந்தது. முட்டி வலியோடு ஒவ்வொரு மாடியாக ஏறினார். ஆறாவது மாடியில், திறந்த லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில், ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டு லிஃப்ட்காரர் தரையில் உட்கார்ந்திருந்தார். ஆறு வாரத்தில் சட்டை இரண்டு சுற்றுப் பெரிசாகியிருந்தது.

"என்ன டீச்சர், இங்க?" குரல் கரகரத்தது.

மூச்சு வாங்க, சுற்றி வளைக்காமல் சொன்னார். "நான் தப்பு பண்ணிட்டேன். உங்க பொறந்த நேரத்தை மாத்திப் போட்டுட்டேன். நீங்க ஆறு மாசம் காத்திருக்க வேண்டியதில்ல. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

கோபப்படுவார் என்று நினைத்தார். அவரோ பயந்துபோனார்.

"இன்னொரு தடவை பாருங்க டீச்சர். சரியாத்தான் இருக்கும்."

"மூணு தடவை பார்த்துட்டேன்."

"இல்ல டீச்சர்." அவர் தரையைப் பார்த்துப் பேசினார். "நீங்க ஆறு மாசம்னு சொன்னப்ப எனக்கு உசிரு வந்த மாதிரி இருந்துச்சு. அந்தத் தேதியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குறேன். முப்பது மாடி உயரத்துல கம்பியில தொங்குனவன் நான். ஆனா கத்தின்னா கை நடுங்குது."

"சாப்பாடு இறங்குதா?"

"கஞ்சி இறங்குது. வீட்டுல சொல்லல. கேது போனா சரியாயிடும்னு இருந்தேன்."

டீச்சர் அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"நேரம் சரியா இருந்திருந்தாலும் நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுங்க. டாக்டர் குடுத்த தேதிக்கு மேல தேதி வைக்க நான் யாரு?"

"அப்ப எதைத்தான் நம்புறது?" இப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. "அன்னைக்கு ஒண்ணு சொல்றீங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்றீங்க. விளையாட்டா இருக்கா உங்களுக்கு?"

டீச்சர் வாங்கிக்கொண்டார். அவர் ஓய்ந்த பிறகு தன் போனை நீட்டினார். "திட்டுறதை அப்புறம் திட்டுங்க. முதல்ல ஆஸ்பத்திரிக்குப் பேசுங்க."

அவர் போனை வாங்கிப் பேசினார். பழைய தேதி கைவிட்டுப் போயிருந்தது. ஒன்பது நாள் கழித்து ஒரு தேதி கிடைத்தது. அது என்ன நாள், என்ன நட்சத்திரம் என்று அவரும் கேட்கவில்லை, டீச்சரும் பார்க்கவில்லை.

அந்த ஒன்பது நாளும், அதற்குப் பிறகு சோதனை முடிவுக்காகக் காத்திருந்த பத்து நாளும் டீச்சர் யாருக்கும் ஜாதகம் பார்க்கவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார்.

ஒரு வியாழக்கிழமை மனைவிதான் போன் செய்தாள்.

"கட்டி கெட்டதுதானாம் டீச்சர். ஆனா வேற எங்கயும் பரவலையாம். முழுசா எடுத்துட்டாங்க. இன்னும் வைத்தியம் இருக்கு, பார்த்துக்கலாம்னு சொல்றாங்க."

டீச்சருக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அந்த ஆறு வாரத்தால ஏதாவது..."

"டாக்டர்கிட்ட நான் அதைக் கேக்கல" என்றாள் அவள். குரலில் கோபமும் இல்லை, ஆறுதலும் இல்லை. "நீங்களும் என்கிட்ட கேக்காதீங்க டீச்சர்."

போனை வைத்துவிட்டாள்.